மனசு மாஸ்டருக்கு யூனிவசிற்றி பார்த்த கதை

உலகத்திலேயே அதிகமான பல்கலைக்கழகங்களை வேண்டாமென்று தள்ளிய மனிதர் யார் என்று கேட்டால், ஆள் கல்முனைக்குடியில் இருந்தார் என்று தயங்காமல் சொல்வேன். மெட்ராஸை வேண்டாம் என்றார். கல்கத்தாவை வேண்டாம் என்றார். லண்டன் மாநகரத்தை, ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் தள்ளிவைத்தார். பல்கலைக்கழகங்கள் ஆட்களைத் தள்ளுவதைத்தான் நான் அதற்குமுன் கேள்விப்பட்டிருந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் பள்ளிக்கூடப் பதிவு இடாப்பில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் மனசு மாஸ்டர். யாருக்குத் தலையிடி என்றாலும், யார் வீட்டில் மாமியும் மருமகனும் முகம் பாராமல் இருந்தாலும், கத்தரிச்செடி பூக்கவில்லை என்றாலும், அவரிடம் ஒரே பதில்தான்: "அது மனசுல உள்ள வருத்தம்." கத்தரிச்செடிக்கு ஏது மனசு என்று கேட்கிறவர்களை அவர் இரக்கத்தோடு பார்ப்பார்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் காரைதீவிலிருந்து சைக்கிளில் போய், அவர் கணிதம் படிப்பித்த அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ அவர் கைக்கு அட்டை கழன்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. சைக்கோலொஜி என்றொரு படிப்பு உலகத்தில் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னது அந்தப் புத்தகம்தான். அன்றிலிருந்து மனிதரைப் பிடிக்கமுடியவில்லை.

"மச்சான், மனிசனுக்குள்ள இன்னொரு மனிசன் இரிக்கான். அவன்தான் முதலாளி. வெளிய தெரியிற நாம கணக்கப்பிள்ளை. நான் அந்த முதலாளியப் பத்திப் படிக்கணும். சும்மா இல்ல, யூனிவசிற்றிக்குப் போய்ப் படிக்கணும்."

இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும். பெருநாள் பிறை கண்டவரின் முகம்.

படிக்கப் போகும்வரை சும்மா இருந்தாரா என்றால், அதுவும் இல்லை. கல்முனைச் சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் எல்லாரும் மீனின் கண்ணைப் பார்ப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். மனசு மாஸ்டர் மீன்காரரின் கண்ணைப் பார்ப்பார். பார்த்துவிட்டு என் காதில், "நல்ல மனிசன் மச்சான், பொய் சொல்லத் தெரியா" என்பார். மனிதர் நல்லவர்தான். மீன்தான் முந்தாநாள் பிடிபட்டது. அவருடைய உம்மா வாசலில் வைத்தே மணத்தைப் பிடித்துவிடுவா.

"என்ட மனே, இனி நீ மீன வெச்சிட்டு மீன்காரனக் கூட்டிட்டு வா. அவன ஆணம் காச்சிச் சோத்தோட திம்பம்."

உம்மாவின் தம்பி ஒருவர் இருந்தார். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்கிறவர், ஊரில் பெரிய கை. வயல்காரப் பெரியவரைப் போடி என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அதனால் போடி மாமா என்று எல்லாரும் சொல்வார்கள். ஒரு விதைப்புக் காலத்தில் அவருடைய உழவுமாடு ஒன்று சேற்றில் காலை வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மனசு மாஸ்டர் வரம்பில் குந்தியிருந்து மாட்டின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: காரைதீவில் இதை விற்ற பழைய சொந்தக்காரரை மாடு நினைத்து ஏங்குகிறது, ஒருதரம் கொண்டுபோய்க் காட்டினால் சுகப்பட்டுவிடும். உழவு நாள் ஒன்று போனாலும் பரவாயில்லை என்று மாமா சம்மதித்தார். மாட்டைக் காரைதீவுக்கு நடத்திக்கொண்டு போனோம். மாடு பழைய சொந்தக்காரரைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே அவருடைய வேலிக்குப் போய்ப் பூசணிக்கொடியைத் தின்றது. சொந்தக்காரர் தடி எடுத்துக்கொண்டு வந்தவர், மாடு நொண்டுவதைக் கண்டு காலைத் தூக்கிப் பார்த்து, குளம்புக்குள் ஏறியிருந்த முள்ளைப் பிடுங்கினார்.

"பார்த்தியா மச்சான்?" என்றார் மனசு மாஸ்டர் திரும்பி வரும்போது. "அந்த முள்ளு அவர்ட கையாலதான் வரணும் எண்டு அதுட மனசு சொல்லியிரிக்கி."

வகுப்பிலும் இதே கூத்துத்தான். பிந்தி வருகிற பையனை அவர் அடிக்கமாட்டார். பக்கத்தில் இருத்தி, இரவு என்ன கனவு கண்டாய் என்று கேட்பார். இரண்டு கிழமைக்குள் வகுப்பு முழுக்கப் பிந்தி வந்தது. வாய்பாடு பாடமில்லாத பையன்கள் ஆளுக்கொரு கனவோடு வந்து நின்றார்கள். ஒருவன் கடல் முழுக்கத் தயிராகிப்போனதாகக் கனவு கண்டான். இன்னொருவன் அதே கனவில் தானும் இருந்ததாகச் சொன்னான். தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், புள்ளைகள் முழிச்சிருக்கக்குள்ளயும் கொஞ்சம் படிப்பிங்க" என்று சொல்லிப் போனார்.

சிரித்தோம். நானும் நன்றாகச் சிரித்தவன்தான். அந்த மனிதரை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வருகிறது, துக்கம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

பல்கலைக்கழகங்களுக்கு வருகிறேன். அவர் முதலில் யோசித்தது மெட்ராஸை. தபாலில் விபரப் புத்தகம் வரவழைத்து, தாளுறை போட்டு, தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். கப்பல், ரயில், தங்குமிடம் எல்லாம் விசாரித்து முடித்தபிறகு, ஒருநாள் புத்தகம் இல்லாமல் வந்தார்.

"மெட்ராஸ் சரிவரா மச்சான். அங்க எல்லாரும் சத்தமாக் கதைக்கிறாங்களாம். மனசு படிக்கிறதுக்கு ஒரு அமைதி வேணும்."

அடுத்த வருஷம் கல்கத்தா. அங்கே மனசைப் படிப்பதற்கு ஆய்வுகூடம்கூட உண்டு என்று கேள்விப்பட்டுத் துள்ளிக் குதித்தார். கொஞ்ச நாளில் அதுவும் ஆறிப்போனது. "எலிய வெச்சிப் படிப்பிக்கிறாங்களாம். நான் மனிசனப் படிக்கப் போறவன். எலியப் படிக்கிறதுக்குக் கல்கத்தாவுக்குப் போகணுமா? எங்கட நெல்லுக்கொட்டிலுக்குப் போனாப் போதும்."

பிறகு லண்டன். அதை அவர் தள்ளிய காரணம் இன்றைக்கும் கல்முனையில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். "வெயில் எறிக்காத ஊர்ல மனசு எப்பிடி மச்சான் வெளிய வரும்?" லண்டன் பட்டத்தை ஊரில் இருந்தபடியே தபாலில் படிக்கலாமே என்று நான் சொன்னேன். "தபால்ல மனசு படிக்கிறதா? தபால்ல மாப்பிள பார்த்தாலும் பார்க்கலாம், தபால்ல மனசு பார்க்க ஏலா."

பெண் பார்த்துப் பார்த்துக் கழிக்கிற மாப்பிள்ளை என்று ஊரில் பகிடி பண்ணினார்கள். மூக்குச் சரியில்லை, நிறம் சரியில்லை என்று சொல்வதுபோல இவர் யூனிவசிற்றிகளுக்குக் குறை சொல்கிறார் என்றார்கள். உள்விஷயம் வேறு. எங்கள் கிழக்கிலங்கைக் கரையில், தமிழர் ஆனாலும் முஸ்லிம்கள் ஆனாலும், கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய்விடுவான். வீடு பெண்பிள்ளைக்கு. அதைத் தகப்பன் கட்டிக் கொடுக்கவேண்டும். தகப்பன் இல்லாத வீட்டில் மூத்த ஆண்பிள்ளை கட்டவேண்டும். மனசு மாஸ்டருக்கு வாப்பா சின்ன வயதிலேயே மௌத்து. தங்கச்சிமார் நாலு பேர்.

மெட்ராஸுக்கென்று சேர்த்த காசு மூத்த தங்கச்சியின் வீட்டுக்குக் கல்லாகப் போனது. கல்கத்தா அடுத்தவளின் வீட்டுக்கு மரமாகப் போனது. லண்டன் மூன்றாமவளின் கூரைக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அவர் பல்கலைக்கழகத்தின்மேல் ஒரு குற்றத்தைப் போட்டாரே தவிர, தங்கச்சிமார் பேரில் ஒரு சொல் வரவில்லை. கூடப்பிறந்த மூத்தவர், காக்கா, நமக்காகப் போகாமல் விட்டார் என்று அவர்கள் ஒருநாளும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே அந்த மனிதர் தன்னை ஊர்க் கோமாளியாக்கிக்கொண்டார்.

மூன்று வீடுகளும் முடிந்தன. கடைசித் தங்கச்சிக்கு அவசரமில்லை, இன்னும் மூன்று நாலு வருஷம் போகட்டும் என்று உம்மாவே சொன்னா. அதே நேரம் மலைநாட்டில், கண்டிக்குப் பக்கத்தில், நம்முடைய சொந்தப் பல்கலைக்கழகம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மனசு மாஸ்டர் யாருக்கும் சொல்லாமல் நுழைவுப் பரீட்சை எழுதினார். தேறினார். படிப்புத் தவணை தொடங்கும்போது வரச்சொல்லி அறிவித்தல் வந்தது. ஆளைக் காணவேண்டும் அன்றைக்கு! மணி அடிக்குமுன்னே வகுப்பை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார். அந்த நாலாவது பல்கலைக்கழகத்தில் அவரால் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

உம்மாதான் ஒரே பிடியாக நின்றா. "ஆம்புளப் புள்ள உம்மாட வீட்ட விட்டுப் போறதெண்டாப் பொண்வீட்டுக்குத்தான் போவான். அதுக்கும் பெரியாக்கள் போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லணும். பார்க்காத வீட்டுக்கு என்ட மகன அனுப்பமாட்டன்."

"உம்மா, அது யூனிவசிற்றி."

"யூனிவசிற்றிக்குக் கெணறு இல்லயா? அடுப்பு இல்லயா? பார்க்கத்தானே வேணும்!"

முடிவாக, போடி மாமாவும், அவர்களுடைய தாய்வழிக் குடிக்குப் பள்ளிவாசலில் பெரியவரான மரைக்கார் ஒருவரும் பல்கலைக்கழகத்தைப் பார்த்துவர ஏற்பாடாயிற்று. இங்கிலீசு கதைக்க நான். மனசு மாஸ்டரும் வரட்டும் என்றேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாப்பிள எங்கயாவது பொண்வீடு பார்க்கப் போறதா மாஸ்டர்? வெக்கமில்லயா?" மனசு மாஸ்டர் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு, "அவங்க பார்த்திட்டு வரட்டும் மச்சான்" என்றார். அந்த இடத்தில் அவர் பிடிவாதமாக எங்களோடு ரயில் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் நினைக்காத வருஷம் இல்லை.

மட்டக்களப்பில் ரயில் ஏறினோம். வெற்றிலை, ஒரு வாழைக்குலை, உம்மா அவித்த வட்டிலப்பம், எருமைத் தயிர் இரண்டு சட்டி. தயிர்ச்சட்டிகளை மரைக்கார் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பல்கலைக்கழகக் கந்தோரில் பதிவு எழுதிக்கொண்டிருந்த லிகிதர் வாழைக்குலையைக் கண்டதும், சந்தை வேறு பக்கம் என்று கை காட்டினார். நான் விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கே முழுதாக விளங்கியிருந்ததா என்பது வேறு கதை. கடைசியில் எங்களை வயதான பேராசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய் விட்டார்கள். சைக்கோலொஜிக்கும் அவர்தான் பொறுப்பாம்.

மாமா வெற்றிலையை நீட்டினார். பேராசிரியர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். விசாரணை ஆரம்பமாயிற்று. நான் மொழிபெயர்த்தேன்.

"தண்ணி எப்பிடி? உவர்ப்பா?"

நல்ல தண்ணீர், மலையிலிருந்து வருகிறது என்றார்.

"தொழுகைக்குப் போக வழி இரிக்கா?"

இருக்கிறது என்றார்.

"புள்ளக்கி ராவைக்கும் சோறு வேணும். ரொட்டி, பாண் எண்டு திண்டா நித்திரை வரா."

குறித்துக்கொள்கிறேன் என்றார்.

மரைக்கார் பெரிய கேள்வியைக் கேட்டார். "படிப்பு முடிஞ்சா எங்கட புள்ள என்ன மாதிரி?"

படிப்பு முடிந்தால் நாங்கள் யாரையும் வைத்திருப்பதில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார் பேராசிரியர்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. "மூணு நாலு வருசத்துல மாப்பிளயத் திருப்பி அனுப்புற வீடு என்ன வீடு மாஸ்டர்?"

இதை நான் மொழிபெயர்க்காமல் விடப் பார்த்தேன். பேராசிரியர் விடவில்லை. கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, இங்கே சைக்கோலொஜி தனிப் படிப்பு அல்ல, மூத்த படிப்பான தத்துவத்தோடு சேர்த்துத்தான் படிப்பிக்கிறோம், அதையும் சொல்லிவிடுங்கள் என்றார். "பரவால்ல," என்றார் மாமா. "மூத்தவரோட சேர்ந்து இருக்கிறது நல்லதுதான்."

தயிரும் வட்டிலப்பமும் பேராசிரியரின் மேசையிலேயே பரிமாறப்பட்டன. புறப்படும்போது அவர் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "எத்தனையோ பேர் இங்கே வந்திருக்கிறார்கள். ஒரு மாணவனுக்காக ஓர் ஊரே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவது இதுதான் முதல்தரம். அந்தப் பையனைக் கட்டாயம் அனுப்புங்கள். நான் அவனைப் பார்க்கவேண்டும்."

மாமா ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து கல்முனையில் வேறு கதை இல்லை. மலைக்கு மேலே மாளிகையாம், கீழே ஆறாம், பெரிய புரொபசர் எழுந்து நின்று வெற்றிலை வாங்கினாராம். "சம்மதம்!" என்று மாமா சந்தைக்கு நடுவில் நின்று அறிவித்தார். மனசு மாஸ்டருக்குக் கறுப்புக் கோட்டு ஒன்று தைக்கக் கொடுத்தார்கள். உம்மா மாசிச் சம்பல் இடித்துப் போத்தலில் அடைத்தா. மீன்காரர்கூட அந்தக் கிழமை அவருக்கு நல்ல மீனாகக் கொடுத்தார்.

அந்தப் பேர்தான் வினையாக வந்தது. மருதமுனையில் நல்ல குடும்பம் ஒன்று, மாப்பிள்ளை அரசாங்கக் கந்தோரில் லிகிதர், மாமாவின் கதை அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது. யூனிவசிற்றிக்குப் போகிற பிள்ளையின் தங்கச்சிதான் எங்களுக்கு வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். உம்மா அழுதா, சந்தோஷத்தில். அப்படி ஓர் இடம் தேடிப் போனாலும் கிடைக்காது. ஒரே ஒரு விஷயம், அடுத்த பெருநாளுக்குள் கலியாணம். அதற்குள் வீடு.

மாமாவுக்கும் தன் பெண்பிள்ளைகளுக்குக் கட்டிமுடிக்காத வீடுகள் கிடந்தன. அவரிடம் காசு கேட்க வாயில்லை.

நான் சைக்கிளில் ஓடிப்போனேன். மனசு மாஸ்டர் பின்வளவில் நின்று, கயிறு பிடித்து அத்திவாரத்துக்கு அளந்துகொண்டிருந்தார்.

"என்னடாப்பா இது?"

"கண்டி குளிரான ஊர் மச்சான்," என்றார் கயிற்றைப் பார்த்தபடி. "குளிர்ல மனசு சுருங்கிடும்."

"எனக்கும் அந்தக் கதையா?"

கயிற்றைக் கீழே போட்டார். "நான் போறன் எண்டுதான் அவங்க கேட்டு வந்திரிக்காங்க. நான் போனா வீடு இல்ல. வீடு இல்லாட்டிக் கலியாணம் இல்ல. இந்த முடிச்ச எந்தப் புரொபசர் அவிழ்ப்பான், சொல்லு?"

"போய் அவங்களிட்டயே கேள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."

"பொண்வீட்டாக்கள் தவணை கேக்கிறதா? ஊர் என்ன சொல்லும்? தங்கச்சிட முகத்த யார் பார்க்கிற?"

அடுத்த தவணைக்குப் போவதாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டார். அடுத்த தவணையில் கூரை மரம் வாங்கினார்.

கலியாணத்தன்று அந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேர்வை ஓட ஓட வாசலில் நின்று மாப்பிள்ளையை வரவேற்றார். வாப்பாவின் இடத்தில் அவர்தான். நிக்காஹ்வில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தங்கச்சியை ஒப்படைத்ததும் அவர்தான். பிடித்த கையை விடாமல் மாப்பிள்ளையின் முகத்தையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். சந்தோஷத்தில் பார்க்கிறார் என்று எண்ணினேன்.

பிறகு எனக்குப் பத்திரிகையில் வேலை கிடைத்து நான் கொழும்புக்குப் போய்விட்டேன். மனசு மாஸ்டர் அதே பள்ளிக்கூடத்தில் கணிதமும் கனவும் படிப்பித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்குப் போகிறபோதெல்லாம், இந்தமுறை எடின்பரோவை யோசிக்கிறேன் என்பார். நானும் விபரம் கேட்பேன். கடைசித் தங்கச்சியின் மாப்பிள்ளையான அந்த மருதமுனை மச்சானைக் கொழும்பில் ஒருதரம் சந்தித்தேன். அமைதியான மனிதர். தேத்தண்ணி குடிக்கும்போது தானாகச் சொன்னார்.

"காக்கா படிக்கப் போறார் எண்டு கேள்விப்பட்டுத்தான் நான் ஓமெண்டு சொன்னன். அவர் போயிட்டு வரும்மட்டும் எத்தின வருசமெண்டாலும் இருந்திருப்பன். குடில் எண்டாலும் வந்திருப்பன். வீடு கேட்டது எங்கட பெரியாக்கள். என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லயே."

நான் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டேன். மாப்பிள்ளை பெண்வீடு பார்க்கப் போவதில்லை, அவனிடம் யாரும் கேட்பதுமில்லை. பல்கலைக்கழகத்தையும் பெரியவர்கள்தான் போய்ப் பார்த்தார்கள். போகவேண்டியவர் வீட்டில் இருந்தார்.

அடுத்தமுறை கல்முனைக்குப் போனபோது, சொல்வதா விடுவதா என்று தெரியாமல், கடற்கரையில் நடந்துகொண்டே மெல்லச் சொன்னேன். மனசு மாஸ்டர் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னார்.

"தெரியும் மச்சான். நிக்காஹ் அண்டைக்குக் கையப் புடிக்கக்குள்ளயே தெரிஞ்சிட்டு. என்ட ஹயாத்துல நான் சரியா வாசிச்ச ஒரே மனசு அதுதான்." கொஞ்சம் சிரித்தார். "என்ன செய்ற, அதுக்குள்ள ஓடு போட்டு முடிஞ்சிட்டு."

மலைநாட்டில் அந்த வயதான பேராசிரியர் எத்தனை தவணை வாசலைப் பார்த்தாரோ தெரியாது. நம்முடைய ஆள் போயிருந்தால் பெரிய மேதையாக வந்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். மாட்டுக்கு முள் குத்தியதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் அவர். ஆனால் ஒருதரம் போயிருக்கவேண்டும். அந்தப் பெரிய மனிதருக்கு முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மனிதனுக்குள் இருக்கும் முதலாளியைப் பற்றி ஒரேயொரு நாள் அவர் வாதாடியிருக்கவேண்டும். அது நடக்கவில்லையே என்ற துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மனசு மாஸ்டர் மௌத்தாகி வருஷங்கள் போய்விட்டன. நான் இப்போதும் சந்தைக்குப் போனால் மீனின் கண்ணைப் பார்ப்பதில்லை, மீன்காரரின் கண்ணைத்தான் பார்க்கிறேன். வீட்டில் ஒவ்வொரு கிழமையும் ஏச்சு விழுகிறது. விழட்டும்.